ரெண்டு அமுக்கு, எட்டு வாரம்

“இதக் கொஞ்சம் புடிங்கண்ணே. ரெண்டே நிமிஷம், இங்கயே நில்லுங்க” என்று முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பிதுங்கிய பையை அவர் கையில் திணித்துவிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மணி பத்து இருக்கும். இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் ஏறப் போன மனிதரை நிறுத்தித்தான் கொடுத்தேன். மருந்துக்கடையில் தைலம் வாங்குகிற வேலை, அவ்வளவுதான். அங்கே என் பழைய பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். பேச்சு சுவாரசியத்தில் அவள் காரிலேயே ஏறி வீடு போய்ச் சேர்ந்துவிட்டேன். சாம்பாருக்குக் கத்தரிக்காயைத் தேடும்போதுதான் ஐயையோ என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தேன். மணி பன்னிரண்டரை. நடுவில் ஒரு மழை வேறு கொட்டி ஓய்ந்திருந்தது. மனிதர் விட்ட இடத்திலேயே நிற்கிறார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி என் காய்கறிப் பையை மூடியிருந்தார். கடைக் கூரை இரண்டே எட்டில் இருந்தது.

“ஏண்ணே, இப்படி ஒதுங்கி நிக்கக் கூடாதா?”

“நீ இங்கயே நிக்கச் சொன்னியே தங்கச்சி.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் சொல்லிச் சிரித்தேன், கடையில் சொல்லிச் சிரித்தேன். கடை முதலாளியான எங்கள் தவுக்கேயிடம் மலாயில் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தேன். நாலைந்து வருஷம் போய்விட்டது. இப்போது இந்தக் கதையை யாரிடமும் சொல்வதில்லை.

அவர் ஜாகா, காவல்காரர். புக்கிட் பெருவாங்கில் எங்கள் கடை வரிசைக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பின் வாசலில், ஒரு நாற்காலியும் காற்றாடியும் மட்டும் கொள்ளுகிற காவல் கொட்டகையில் வேலை. ஒல்லியான மனிதர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பேண்ட் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். கோவிட் முடிந்து ஊரே முகக்கவசத்தை மறந்துபோன பிறகும் அவர் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், “போடச் சொன்ன சூப்பர்வைசர் மாறிப் போயிட்டாரு. கழட்டச் சொல்லி யாரும் சொல்லல” என்பார். நான்தான் ஒருநாள், “சரி, நான் சொல்றேன், கழட்டுங்கண்ணே” என்றேன். உடனே கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றுதான் அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். மேலுதட்டில் ஒரு பழைய தழும்பு இருந்தது.

“நீ சொன்னா சரி தங்கச்சி.” இது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. எனக்கோ சொல்வதென்றால் சர்க்கரைப் பொங்கல். கேட்காதவர்களுக்கே யோசனை சொல்லுகிற வாய் இது. நாய் பூனைத் தீனி விற்கும் கடையில் பதினோரு வருஷம் கவுண்ட்டரில் நின்றவள் நான். பொட்டலத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டு, எந்த நாய்க்கு எது ஆகும், எந்தப் பூனைக்கு எது ஆகாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பேன். தவுக்கே என்னை ‘டாக்டர்’ என்று கூப்பிடுவார். கிண்டல்தான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் இனித்தது என்பதை மறைப்பானேன்? சொல்லாமல் இருக்க முடியாத ஒருத்தியும், சொன்னதைச் செய்யாமல் இருக்க முடியாத ஒருத்தரும் அடுத்தடுத்து வேலை செய்துகொண்டிருந்தோம்.

அந்தத் தாமானின் சங்கத் தலைவர் ஒருமுறை, “ஸ்டிக்கர் இல்லாத காடி எதையும் உள்ள விடாத, யாரா இருந்தாலும் சரி” என்று அவருக்கு உத்தரவு போட்டார். மறுவாரம் தலைவரே புதுக் கார் வாங்கிக்கொண்டு, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, குடும்பத்தோடு வந்து இறங்குகிறார். ஸ்டிக்கர் இல்லை. தடுப்புக் கட்டை மேலே போகவில்லை.

“டேய், நாந்தாண்டா அந்த ஆர்டரே போட்டது!”

“ஆமா சார். அதான் நிறுத்தினேன்.”

கடைவீதியே வேடிக்கை பார்த்தது. கடைசியில் தலைவர் காரை வெளியே விட்டுவிட்டு மனைவியோடு நடந்தே வீட்டுக்குப் போனார். வேலை போயிருக்க வேண்டியது, எப்படியோ போகவில்லை. பயமில்லாத ஆள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அது தைரியம் இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

லூபோக் சீனா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்க வேண்டும். மேஸ்திரியான மண்டோர் ஒவ்வொருவர் பேரையும் கூப்பிட்டு நீ இந்த நெரை, நீ அந்த நெரை என்று மரங்களைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். அதில்தான் இவர் இப்படி ஆனார் என்று சொல்லலாம். ஆனால் என் அப்பாவும் அதே மாதிரிப் பெரட்டில் நின்றவர்தான். அவர் மண்டோரைத் திட்டாத நாள் கிடையாது. ஆகவே எனக்குத் தெரியாது.

அவர் மனைவி எப்படிப் போனார் என்று ஒருநாள் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன். நான் லீவு போட்டிருந்த தைப்பூச நாள். கொட்டகை நிழலில் நின்று, நான் கொண்டுபோன பொங்கலை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இனிப்பு நீரு, அந்தச் சக்கர வியாதி முத்திப் போச்சி தங்கச்சி. பெரியாஸ்பத்திரில வச்சிருந்தோம். மத்தியானம் மூச்சு வாங்குது. நர்ஸ் பொண்ணு வந்து, நீங்க வெளிய இருங்க, கூப்பிடுறோம்னு சொல்லிட்டு தெரைய இழுத்து விட்டுடிச்சி. நானு வெளிய பெஞ்சில ஒக்காந்தேன்.”

“அப்புறம்?”

“என்னங்க, என்னங்கன்னு ரெண்டு தடவ கூப்பிட்டுச்சி.”

“உங்களுக்குக் கேட்டிச்சா?”

“கேட்டிச்சி. நல்லாவே கேட்டிச்சி.”

“நீங்க போகலியா?”

அவர் பொங்கலில் கிடந்த மிளகைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். “கூப்பிடுறோம்னு சொன்னாங்களே. அவங்க கூப்பிடல.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “மனுசனா நீங்க? எந்திரிச்சி உள்ள போறதுக்கு யாரு உத்தரவு குடுக்கணும்?” என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க தங்கச்சி” என்றார். மீதிப் பொங்கலையும் சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார். அந்தக் கதை தெரிந்த பிறகும் நான் அவரிடம் எப்படிப் பேசினேன் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

தாமானுக்கு அட்டையைக் காட்டினால் தானாகத் திறக்கும் கேட் வந்தது. ஜாகாக்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அவரும் மோட்டாரில் லூபோக் சீனாவுக்கே போய்விட்டார். ஐந்தாறு மாதம் ஆளைக் காணவில்லை. பிறகு ஒருநாள் மதியம் மோட்டாரின் பின்னால் மீன் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டித் தட்டு ஒன்றைக் கயிற்றால் கட்டி, அதற்குள் ஒரு நாயை உட்கார வைத்துக்கொண்டு எங்கள் கடை வாசலில் வந்து இறங்கினார்.

“இதான் ப்ளேக்கி. அண்ணியோட நாயி” என்றார்.

அண்ணி, அதாவது அவர் மனைவி, மார்க்கெட்டில் கண்டெடுத்து வளர்த்த நாய். பெயருக்குத்தான் ப்ளேக்கி. உடம்பு வெளுத்த காப்பி நிறத்தில் இருந்தது. முதுகு ரோமம் தேங்காய் நார் மாதிரி விறைத்துக் கிடந்தது. வாலடியிலும் தொடையிலும் சொட்டை. கையை வைத்தால் தவிடு மாதிரி செதில் உதிர்ந்தது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்தது.

“நல்லாத்தான் திங்குது தங்கச்சி. திங்கிறது ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது. அண்ணி இருந்தப்போ எப்படிக் கறுகறுன்னு மின்னும் தெரியுமா? பாக்க மனசே ஆறல. டாக்டர்ட்ட காட்டட்டுமா, வேணாமா? நீ சொல்லு.”

இந்தக் கேள்வியை அவர் கேட்டார். அதை நான் மாற்றிச் சொல்ல முடியாது. கேட்டது என்னைத்தான். காட்டுங்கண்ணே என்று நான் சொல்லியிருந்தால், அடுத்த பத்தாவது நிமிஷம் ஆயர் குரோவில் விலங்கு டாக்டர் வாசலில் நின்றிருப்பார்.

“டாக்டரா? அவங்க ரத்தம் எடுப்பாங்க, ஸ்கேன் எடுப்பாங்க, நாய இன்னும் பயமுறுத்துவாங்க. இது தோலு காஞ்சி போனதுண்ணே. சோத்துல நல்ல கொழுப்பு இல்ல, அதான்” என்று நான் அலமாரியிலிருந்து, தலையை அமுக்கினால் பீச்சும் சால்மன் மீன் எண்ணெய் போத்தலை எடுத்தேன். ஒமேகா த்ரீ, கொழுப்பு அமிலம், தோலுக்கு ஈரம், ரோமத்துக்குப் பளபளப்பு என்று மனப்பாடமாகக் கொட்டினேன். அதில் எதுவும் பொய் இல்லை. நல்ல எண்ணெய்தான். எத்தனையோ நாய்க்கு அதனால் ரோமம் திரும்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தீனி மூட்டை நிறுக்கும் தராசில் நாயை ஏற்றினோம். பதினாறு கிலோ. “காலைல ஒரு அமுக்கு, சாயங்காலம் ஒரு அமுக்கு. சோத்து மேல. சூடான சோத்துல ஊத்தக் கூடாது. போத்தல் ஐஸ் பெட்டியில இருக்கணும். உடனே தெரியாது. புது ரோமம் மொளச்சி வர எட்டு வாரம் ஆகும். நடுவுல நிறுத்துனீங்க, அவ்வளவுதான், பட்ட பாடு வீண். எட்டு வாரம் முடிஞ்சதும் கொண்டாந்து காட்டுங்க.”

சொன்னதோடு விட்டேனா? தடித்த பேனாவை எடுத்து, நாள்காட்டியில் எண்ணி, எட்டாவது வாரம் முடியும் தேதியைப் போத்தல் மேலேயே எழுதினேன். பேசிக்கொண்டிருக்கும்போது ப்ளேக்கி கடை வாசலில் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி செய்தது. ஊற்றினேன். அதையும் குடித்தது. மூன்றாவது தடவையும் ஊற்றினேன். “வெயில்ல வந்த களைப்பு” என்று நானே சொல்லிக்கொண்டேன். அவர் போத்தலை வேட்டியில் முடிகிற மாதிரி ஒரு துணியில் சுற்றி முடிந்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

“நீ சொன்னா சரி தங்கச்சி.”

ஐந்தாவது வாரம் கடைக்குப் போன் வந்தது. கவுண்ட்டரில் ஒரு சீனப் பெண்மணி பூனை மணலுக்காக என்னோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

“தங்கச்சி, ப்ளேக்கி தண்ணியா குடிக்குது. கிண்ணம் கிண்ணமா குடிக்குது. எண்ணெய நிறுத்தட்டுமா?”

“நிறுத்தாதீங்கண்ணே! மீனெண்ணெ சூடு லா. ஒடம்புல உஷ்ணம் ஏறிடுச்சி, அதான் தண்ணி கேக்குது. பார்லி காச்சி, கல்கண்டு போட்டு, ஆற வச்சிக் குடுங்க. இளநீரும் குடுங்க. சூடு தணிஞ்சிடும். எட்டு வாரம், ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு தங்கச்சி. கல்கண்டு எவ்வளவு போட?”

“ஒரு கைப்பிடி போடுங்க. இனிப்பா இருந்தாத்தான் குடிக்கும்.”

எந்தப் பொட்டலத்தின் பின்னாலும் மீன் எண்ணெய் சூடு என்று எழுதியிருக்கவில்லை. அது எங்கள் அம்மா சொல்லும் பேச்சு. வாய்ப்புண் வந்தால் சூடு, கண் எரிந்தால் சூடு, எல்லாவற்றுக்கும் பார்லித் தண்ணீர். நாய்க்கு வைத்தியம் கேட்ட மனிதருக்கு அம்மாவின் பேச்சை, டாக்டர் என்று கூப்பிடப்பட்ட வாயால் சொன்னேன். போனை வைத்துவிட்டுப் பூனை மணலுக்குத் திரும்பினேன். அந்தப் பெண்மணி கடைசியில் இரண்டு மூட்டை வாங்கினாள்.

போத்தலில் எழுதிய தேதி எனக்கு மறந்தே போயிருந்தது. அன்று காலை நான் கடைக் கதவைத் தூக்கும்போது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பேண்ட் மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. மோட்டாருக்குப் பின்னால் மீன் தட்டு கட்டியிருந்தது. தட்டு காலியாக இருந்தது.

“வாங்கண்ணே! எங்க ப்ளேக்கி? வீட்டிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“அது போன வாரமே செத்துப் போச்சி தங்கச்சி. இன்னிக்கு வரச் சொன்னியே, அதான் வந்தேன்.”

துணி முடிச்சை அவிழ்த்துப் போத்தலைக் கவுண்ட்டரில் வைத்தார். அடியில் இரண்டு விரல்கடை எண்ணெய் மிச்சம் இருந்தது. “ஏழு நாள் அமுக்கு பாக்கி இருக்கு. ஐஸ் பெட்டியிலதான் வச்சிருந்தேன். யாருக்காச்சும் ஆகும், வீணாக்க வேணாம்” என்றார். பிறகு ஜாகா வேலையில் மாறிப் போகிறவர் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைக்கிற மாதிரி, நிமிர்ந்து நின்று, ஒன்று விடாமல் சொல்லத் தொடங்கினார்.

“காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு நாளும் தவறல. பார்லியும் இளநீயும் மூணு வேளையும் குடுத்தேன். ஆசையாத்தான் குடிச்சிச்சி. குடிக்கக் குடிக்க இன்னும் எளைச்சிப் போச்சி. ஆறாவது வாரம் கண்ணுல வெள்ளையா பூத்துச்சி, செவுத்துல முட்டிக்கிட்டு நின்னுச்சி. ஒண்ணுக்குப் போன எடமெல்லாம் எறும்பு. அப்படி ஒரு எறும்பு, தங்கச்சி. மண்ணே தெரியல. அப்பறம் சோறும் எறங்கல, எல்லாம் வாந்தி. கடைசி நாளு வாசல்ல படுத்துக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சி. டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடிறலாமான்னு நெனச்சேன். தட்டக் கூட கட்டிட்டேன். ஆனா நீ எட்டு வாரம்னு சொன்னியே. ஒரு வாரந்தான் இருக்கே, பொறுத்துப் பாப்போம்னு அவுத்துட்டேன்.”

எறும்பு என்றதும்தான் எனக்கு உறைத்தது. எங்கள் அப்பாவுக்கு இனிப்பு நீர் என்று முதலில் காட்டிக்கொடுத்தது எந்த டாக்டரும் இல்லை, குளியலறை வாசலில் மொய்த்த எறும்புதான். எஸ்டேட்டில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். தின்றும் இளைக்கிறது, கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறது என்று அவர் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அந்த நாய்க்குக் கைப்பிடி கைப்பிடியாகக் கல்கண்டு போடச் சொன்னேன். மனைவியை அதே நோய்க்குக் கொடுத்தவருக்கு அது தோன்றாமலா இருந்திருக்கும்? தோன்றியிருக்கும். நான் சூடு என்று சொன்னதால் தன் நினைப்பைத் தூரப் போட்டிருப்பார்.

“ஆனா மருந்து நல்ல மருந்து” என்றார் அவர். “குழியில வைக்கறப்போ பாத்தேன். கழுத்துலேந்து முதுகு வரைக்கும் புது ரோமம். கறுகறுன்னு மின்னுச்சி. நீ சொன்ன மாதிரியேதான்.”

நான் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து. அன்றைய தேதி.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கவா? நான் ஏதாச்சும் தப்பா செஞ்சிட்டனா?”

சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. தப்பு என்னுடையதுண்ணே. ஊருக்கெல்லாம் சொல்லுகிற வாய், அந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும் திறக்கவில்லை. தவுக்கே வேறு பின்னால் வந்து நின்றிருந்தார்.

“இல்லண்ணே. அதுக்கு வயசாயிடுச்சி. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் போயிருக்கும்.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்வையில் சந்தேகம் இருந்ததா என்று இத்தனை வருஷமாக நினைத்துப் பார்க்கிறேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நீ சொன்னா சரி தங்கச்சி” என்றார்.

நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். அதையும் நம்பி, தலையாட்டி, வாங்கிக்கொண்டிருப்பார். குறைந்தது தன் மேல் இருந்த பழியையாவது இறக்கி வைத்திருப்பார்.

பேச்சு முடிந்த பிறகும் அவர் நகரவில்லை. கவுண்ட்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாடிக்கையாளர் ஒருவர் வந்தார், போனார். இன்னொருவர் வந்தார். வழிவிட்டு ஒதுங்கி நின்றாரே தவிர வெளியே போகவில்லை. எதற்காக நிற்கிறார் என்று எனக்குப் புரிய வெகுநேரம் ஆனது. எட்டு வாரம் முடிந்துவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

“வீட்டுக்குப் போங்கண்ணே” என்றேன்.

போனார்.